மாசி கிடைக்காத தீவு

கோடை பண்பலை நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் மலைக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டே முப்பது வருடம் ஓடிவிட்டது எனக்கு. வருகிறவர்களுக்கு நம் ஊரின் சோற்றைப் போடுகிறோமா என்பதுதான் அன்றும் இன்றும் என் கவலை. அதைச் சொல்வதற்கு முன்னால், மாலத்தீவில் நான் கழித்த ஒரு பகலைச் சொல்லிவிடுகிறேன்.

மகள்தான் கூட்டிப்போனாள். நமக்கு இங்கே ஏழாயிரம் அடி உயரம். அங்கே நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர்கூட இல்லை. எனக்கோ அந்த நாட்டின் பெயரே மாசிக் கருவாட்டு வாசனையோடுதான் மனத்தில் இருந்தது. என் மாமியார் தூத்துக்குடிக்காரர். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிறவர்கள் திரும்பும்போது மாசி கொண்டுவந்து தருவார்களாம். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தது. கையில் எடுத்தால் விறகுத்துண்டு மாதிரி இருக்கும். மாமியார் அதை அரிவாள்மனையில் சீவுவார், சுருள்சுருளாக விழும். தேங்காய், மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்து இடித்தால், அந்த மணத்துக்கே இன்னொரு கரண்டி சோறு இறங்கும். அது பிறந்த ஊரிலேயே ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

தலைநகர் மாலேயிலிருந்து படகில் ஒரு சொகுசு விடுதித் தீவுக்குப் போனோம். காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பும் சீட்டு, மதியச் சாப்பாடும் அதில் சேர்த்தி. கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் பார்த்தால் பவளம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. 1998-லும் 2016-லும் கடல் சூடேறி அந்த நாட்டுப் பவளம் ஏராளமாக வெளுத்துப்போனது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மே மாதம் அங்கே மழைக்காலம். அதெல்லாம்கூடச் சரி.

சாப்பாட்டு மேசைதான் என்னால் தாங்க முடியாதது. பாஸ்தா, உருளை வறுவல், பட்டர் சிக்கன். மாசியைத் தேடினேன், இல்லை. பரிமாறிய பையன் திருநெல்வேலிப் பக்கம். அவனிடம் கேட்டேன். "அது எங்க மெஸ்ஸுல காலையில போடுவாங்கம்மா. சூரையை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், எலுமிச்சை போட்டு, ரொட்டிகூட. மஸ் ஹுனின்னு சொல்லுவாங்க. விருந்தாளிங்களுக்கு வைக்க மாட்டாங்க." கொஞ்சம் எடுத்துவர முடியுமா என்றேன். "எட்டு மணிக்கே தீர்ந்துடும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டான். வேலை செய்கிறவன் சாப்பிடுவது ஊர்ச் சாப்பாடு, காசு கொடுத்து வந்தவளுக்கு எந்த ஊரிலும் கிடைக்கிற சாப்பாடு.

ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அங்கே நடைமுறை. அந்தத் தீவுகளில் ஊரே கிடையாது. வீடு இல்லை, அடுப்பு இல்லை. ஆனால் 2009-க்குப் பிறகு மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சின்னத் தங்கும் விடுதிகள் வந்துவிட்டன. அப்படி ஒரு தீவில் ஓர் இரவு தங்கியிருந்தால் காலையில் மஸ் ஹுனி கிடைத்திருக்கும். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். 2024 மே முதல் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கேட்கிறோம். வண்டிகளை எண்ணுகிறோம், நல்லது. வந்தவர் தட்டில் என்ன விழுகிறது? வெள்ளி நீர்வீழ்ச்சி, தூண் பாறை, ஏரி, ஒரு பொட்டலம் சாக்லேட், மதியம் ஃபிரைட் ரைஸ். அவரும் மாசி கிடைக்காமல் போகிறவர்தான். 2019-ல் நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை மேடைவயலில் விளைந்து, வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் தங்கியவர் அதை ஒரு பல்கூடக் கடிக்காமல் மலையிறங்குகிறார். என் வீட்டில் தங்குகிறவர்களுக்கு முதல் வேளையே பூண்டுக் குழம்புதான். மலைவாழைப்பழமும் உண்டு, அதைப் பற்றி...

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். குழம்பை நிதானமாகச் சொல்லலாம் என்று வந்தேன். சுருக்கமாக: மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம், வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். நல்லெண்ணெயில், சின்ன தீயில், பல் முழுசாகவே வதங்கட்டும். புளி கடைசியில். வணக்கம்.