சைக்கிள் கொடுத்ததும் குணம் மாறியதா?

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். கற்கும் நாட்டத்தைத் தீர்மானிப்பது இயல்பா, சூழலா என்பது இன்றைய வழக்கு. சூழலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

ஒரே பெற்றோருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று புத்தகமும் கையுமாக இருக்கிறது, மற்றொன்று புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறது, வீடு ஒன்றுதானே என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார் எதிரணித் தலைவர். ஐயா, கூரை ஒன்றாக இருந்தால் சூழலும் ஒன்றாகிவிடுமா? மூத்தவள் விடியும் முன்பே எழுந்து தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். தம்பி எழுந்ததும் நேரே பள்ளிக்குப் போகிறான். மாலையில் அவள் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டால், "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று வீடே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவளுடைய களைப்பை அவளுடைய குணத்தின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

பீகாருக்கு வாருங்கள். 2006இல் அந்த மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் பலனை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியிருந்தது. அந்தப் பலன் பெரும்பாலும் பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் தெரிந்தது. பள்ளிக்குப் பக்கத்தில் பிறந்த பெண்கள் ஆர்வத்தோடும், தள்ளிப் பிறந்தவர்கள் அக்கறை இல்லாமலுமா பிறந்தார்கள்? ஒரு சைக்கிள் வந்ததும் ஊர் ஊராகப் பெண்களின் குணம் மாறிவிட்டதா? நடுவர் அவர்களே, அவர்களுக்கும் பள்ளிக்கும் நடுவே கிடந்தது சாலை மட்டும்தான்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கணிதமேதை ராமானுஜனைத் துணைக்கு அழைத்தார். அந்தப் பெருமகனின் இயல்பை நான் மறுக்க மாட்டேன். வறுமையிலும் அவர் கணக்கை விடவில்லை என்பது உண்மை. ஆனால் அதே இயல்போடுதான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். அதே இயல்போடுதான் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே கணிதம் அறிந்த நாராயண ஐயர் மேலதிகாரியாக இருந்தார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அக்கறை காட்டினார். 1913இல் அவர் எழுதிய கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் பதில் வந்தது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. ராமானுஜன் மாறவில்லை, அவரைச் சுற்றி நின்ற மனிதர்கள் மாறினார்கள். அப்படி ஒரு நாராயண ஐயர் வாய்க்காமல் போனவர்களின் பெயர்களை எதிரணியால் சொல்ல முடியுமா? யாராலும் முடியாது. அதுதான் என் வேதனை.

பொறுமை, விடாமுயற்சி எல்லாம் பிறவிக் குணம் என்றார்களே, அதற்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சிறு குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். படம் வரைய நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறோம் என்று ஒரு குழுவிடம் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றக் குழுவிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு ஆளுக்கு ஓர் இனிப்பை முன்னால் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகளால் 3 நிமிடம்தான் முடிந்தது. சற்று நேரத்து ஏமாற்றமே பொறுமையை இவ்வளவு குறைக்குமானால், வாத்தியார் வராத வகுப்பையும் வேலை தராத பட்டத்தையும் பார்த்தே வளரும் பிள்ளையிடம் எந்த உரிமையில் விடாமுயற்சியைக் கேட்கிறோம்?

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. வெறும் வயிற்றோடு வந்து முதல் பாடவேளையிலேயே தலை சாய்க்கும் ஒரு பிள்ளையின் இயல்பை, அவன் சாப்பிடுவதற்கு முன் அளப்பீர்களா, சாப்பிட்ட பின் அளப்பீர்களா? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.