பொய் எலும்புக்கு சுப்ஹானல்லாஹ், மெய் எலும்புக்குச் சந்தேகமா?

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பெருமதிப்பிற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, கண்ணியத்திற்குரிய இமாம் ஹஜ்ரத் அவர்களே, இந்த வயதிலும் கைத்தடியோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் முத்தவல்லி அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். பொருளாளரை விட்டுவிட்டேன் என்று சீட்டு வருகிறது. பொருளாளர் அவர்களுக்கும்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். டைனோசர் பற்றி குர்ஆன் என்ன சொல்கிறது, நம் பழைய அறிஞர்கள் புதைபடிவங்களை எப்படிப் பார்த்தார்கள், அப்புறம் பரிணாமமும் ஆதம் (அலை) அவர்களும்.

முதல் விஷயத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். குர்ஆனில் டைனோசர் இல்லை. கங்காருவும்தான் இல்லை, பென்குவினும்தான் இல்லை, அதற்காக அவற்றை யாராவது மறுக்கிறோமா? சூரா நஹ்லின் 8-வது வசனம் குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் சொல்லிவிட்டு, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று முடிகிறது. அந்தக் கதவை அல்லாஹ்வே திறந்து வைத்திருக்கும்போது அதைச் சாத்த நாம் யார்? பூமிக்கு இத்தனை வயது என்று குர்ஆன் எங்கும் கணக்குச் சொல்லவில்லை. உன் இறைவனிடம் ஒரு நாள் நீங்கள் எண்ணும் ஆயிரம் ஆண்டுகளைப் போல என்று ஒரு வசனம், ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாள் என்று இன்னொரு வசனம். பூமி கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்பது 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் பைபிள் வம்சாவளிகளைக் கூட்டிப் போட்ட கணக்கு. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது என்றால் அடிபடுவது அவருடைய கணக்கு. அந்த வழக்கில் நாம் ஏன் வலியப் போய் கூண்டில் ஏறி நிற்க வேண்டும்?

டைனோசரே பொய் என்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. "தாப்பத்துல் அர்ள்", அதாவது பூமியிலிருந்து வெளிப்படும் என்று குர்ஆன் சொல்லும் பிராணி, டைனோசர்தான் என்று பயான் செய்கிறார்கள். சூரா நம்லின் 82-வது வசனம் இனி வரப்போகும் ஒன்றைப் பற்றியது, எப்போதோ அழிந்துபோன விலங்கை அங்கே கொண்டுபோய் நுழைப்பது குர்ஆனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று கேலி செய்கிறீர்கள். செய்யுங்கள். சூரா பனீ இஸ்ராயீலின் 36-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். உனக்கு அறிவில்லாததைப் பின்தொடராதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்கிறது.

இப்போது ஒரு கதை. ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் என்னைத் தோளில் தட்டி, போனை நீட்டினார். படத்தில் ஒரு பள்ளம். அதற்குள் மல்லாந்து கிடக்கிறது மனித எலும்புக்கூடு, பக்கத்தில் நிற்கும் ஆள் அதன் மண்டையோட்டுக்கு முன்னால் எறும்பாகத் தெரிகிறான். "பாருங்க தம்பி, ஆது கூட்டத்தார்! சவூதிப் பாலைவனத்தில் எண்ணெய்க் கம்பெனி தோண்டும்போது கிடைத்ததாம், அரசாங்கம் மறைத்துவிட்டதாம்!" சுற்றிலும் சுப்ஹானல்லாஹ். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பந்தியில் இலை போட்டு அழைக்கிறார்கள், யாரும் நகரவில்லை. பந்தியே நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆது கூட்டத்தார், அதாவது ஹூத் (அலை) அவர்களின் சமூகத்துக்கு உடல் வலிமை கூட்டிக் கொடுக்கப்பட்டதாகக் குர்ஆனில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படம்? 2002-ல் ஒரு இணையதளம் நடத்திய போட்டோ ஒட்டுவேலைப் போட்டிக்கு ஒருவர் கணினியில் செய்து அனுப்பியது. 2004-ல் அது சவூதிக் கதையோடு சேர்ந்து ஊர் சுற்ற ஆரம்பித்தது, ஒரு பத்திரிகை செய்தியாகவே போட்டுவிட்டது. இனிமேல்தான் வேடிக்கையே. ஒட்டுவேலைக்கு அவர் எடுத்துக்கொண்ட அசல் படம் 2000-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் மாஸ்டோடான் எலும்புகளைத் தோண்டியபோது எடுத்தது. மாஸ்டோடான் என்றால் யானைக்கு உறவான, அழிந்துபோன ஒரு விலங்கு. கவனித்தீர்களா? அந்தப் பள்ளத்தில் இருந்தது அல்லாஹ் படைத்த நிஜமான ஆதிகால விலங்கு! அதன் மேல் ஒருவர் பொய் எலும்பை ஒட்டினார், நாம் அந்தப் பொய்க்கு சுப்ஹானல்லாஹ் சொன்னோம். அதே பெரியவரிடம் டைனோசர் என்று சொல்லிப் பாருங்கள், "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டுக்கதை" என்பார். தீர விசாரிப்பதே மெய்!

இரண்டாவது விஷயம், நம் பழைய அறிஞர்கள், சுருக்கமாக. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அல்பிரூனி, தோண்டி எடுத்த கற்களை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கிறது, ஆகவே அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று எழுதிவிட்டார். விலங்கும் செடியும் கல்லாக மாறுவது எப்படி என்று இப்னு ஸீனா ஆராய்ந்தார். இதனால் அவர்கள் ஈமான் ஆட்டம் கண்டதா? இன்று எகிப்தில் வாதி அல்ஹீதான் இருக்கிறது, திமிங்கிலங்களின் பள்ளத்தாக்கு. பாலைவன மணலில் ஏறக்குறைய 4 கோடி ஆண்டுக்கு முந்தைய திமிங்கில எலும்புகள், அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத குட்டிப் பின்னங்கால்களோடு. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே எகிப்தில் மன்சூரா பல்கலைக்கழகத்தின் ஹிஷாம் ஸல்லாம் குழு கண்டெடுத்த டைனோசருக்கு 2018-ல் மன்சூராசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் பயணித்து, அவன் படைப்பை எப்படித் தொடங்கினான் என்று பாருங்கள் என்ற சூரா அன்கபூத்தின் 20-வது வசனத்தை இவர்கள் மண்வெட்டியோடு ஓதுகிறார்கள், நாம் ராகத்தோடு ஓதும் கிராஅத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இதற்குத்தான் நான் மேடைக்கு மேடை ஒரே பாட்டைப் பாடுகிறேன், ஒவ்வொரு மதரஸாவிலும் ஒரு அறிவியல் அலமாரி வேண்டும். பிள்ளை உஸ்தாதிடம் டைனோசர் பற்றிக் கேட்டால் "பேசாம ஓது" என்ற பதில் வரக்கூடாது, அலமாரியைத் திறந்து புத்தகம் எடுத்துக் கையில் தர வேண்டும். நிலவியல் இரண்டு, விலங்கியல் இரண்டு, வானியல் ஒன்று, படம் நிறைய உள்ளதாக. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும், ஹிஃப்ளு, குர்ஆன் மனனம், கெட்டுப்போகாது ஹஜ்ரத் அவர்களே, நான் பொறுப்பு.

மூன்றாவது விஷயத்துக்குத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். இஷா பாங்குக்கு முன் பொருளாளர் வாசலில் நோட்டோடு நிற்பார். புத்தகம் தருபவர்கள் புத்தகத்தின் பெயரையும், அலமாரி தருபவர்கள் அதன் உயரத்தையும் எழுதிக் கொடுங்கள். பூட்டுப் போட்ட அலமாரி மட்டும் வேண்டாம்.