ஏரிக் களையை எடுக்குறதுக்கு முன்னாடி, அடியில இருக்குற மீனைப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஏரிக் களை. களையை எப்படி ஒழிக்கிறதுன்னு சொல்ற வீடியோ ஏகப்பட்டது இருக்கு. ஒழிச்ச ஒரு வாரத்துல மீன் ஏன் செத்து மிதக்குதுன்னு சொல்றதுதான் கம்மி. அதனால இன்னைக்கு மீன் பக்கத்துல இருந்து பேசலாம்.

முதல்ல உங்க தண்ணில இருக்குறது மிதக்குற களையா, முழுகி இருக்குற களையான்னு பாருங்க. ஆகாயத்தாமரை, சல்வீனியா ரெண்டும் மிதக்கும். ஹைட்ரில்லா, மில்ஃபாயில் மாதிரியானது அடி மண்ணுல வேர் விட்டு மேல வரும். ஒண்ணுக்குச் சரியா வர்ற வைத்தியம் இன்னொண்ணைப் பரப்பி விட்டுரும்.

கையில இருக்குறது ஆகாயத்தாமரை. கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். காம்பு உப்பியிருக்கு பாருங்க. நகத்தால கீறினா உள்ள பூரா காத்து அறை, அதான் மிதக்குது. இப்ப கீழ பாருங்க, வேருக்குப் பக்கத்துல இருந்து ஒரு ஓடுதண்டு கிளம்பி, அதோட நுனில குட்டிச் செடி. தாய்ச்செடியை வெடுக்குனு இழுத்தா இந்தத் தண்டு முறியும், குட்டி தண்ணிலயே நின்னுரும். சூடும் சத்தும் இருக்குற தண்ணில ரெண்டு வாரம் போல இருந்தா பரப்பு இரட்டிச்சிரும். அதனால கையால எடுக்குறவங்க கயிறு மிதவை போட்டு ஒரு மூலைக்கு ஒதுக்கி, அங்க இருந்து கொத்தா தூக்குங்க. பூக்குறதுக்கு முன்னாடி எடுங்க. விதை சேத்துல இறங்கிட்டா 15, 20 வருஷம் கூட முளைக்கிற சக்தியோட கிடக்கும்.

எடைக் கணக்கையும் போட்டுக்குங்க. நல்லா அடர்ந்த ஒரு ஹெக்டேர்ல 200-ல இருந்து 400 டன் பச்சை எடை வரலாம். அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி. வண்டி, கொட்டுற இடம் ரெண்டையும் முடிவு பண்ணாம ஆளை இறக்குனா, எடுத்ததெல்லாம் கரையிலயே குவியும். அழுகி, அந்தச் சாறு திரும்ப ஏரிக்கே இறங்கும். வேலை பாதி வீண்.

சரி, மீனுக்கு வருவோம். மேல மூடிக் கிடக்குற களைக்குக் கீழ வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லைன்னா நுண்பாசி இல்லை, பகல்ல ஆக்சிஜன் உற்பத்தி இல்லை, காத்துல இருந்து கரையறதும் குறைவு. கட்லா மாதிரி மேல்தண்ணில மிதவை உயிரிகளைத் தின்னு வாழ்ற மீன் முதல்ல அடி வாங்கும். விராலும் சிலவகைக் கெளுத்தியும் மேல வந்து காத்தை விழுங்கும், அதனால தாக்குப் பிடிக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவோட விக்டோரியா ஏரியில 1990-கள்ல ஆகாயத்தாமரை அடைச்ச கென்யா பக்கக் கரையோரத்துல இதேதான் நடந்துச்சு, நுரையீரல் மீனும் கெளுத்தியும் கூடுச்சு. உங்க வலையிலயும் காத்தை விழுங்குற மீன் மட்டுமே ஏறுதுன்னா, ‘அடடா, நல்ல விரால்’னு சந்தோஷப்படாம ஆக்சிஜனை அளந்து பாருங்க.

அளக்குற நேரம் முக்கியம். மதியம் அளந்தா நிறைய ஏரி ஆரோக்கியமாத்தான் தெரியும். ராத்திரி பூரா செடி, மீன், பாக்டீரியா எல்லாம் ஆக்சிஜனை இழுக்கும். விடியறதுக்குச் சத்த முன்னாடிதான் அடிமட்டம். மேல ஒண்ணு, அடிக்கு அரை மீட்டர் மேல ஒண்ணு, ரெண்டு இடத்துல அளங்க. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தா நிம்மதி. 3-க்குக் கீழ போனா களை வேலையை நிறுத்துங்க. 2-க்குக் கீழ பெரும்பாலான மீன் தாங்காது.

இப்ப களைக்கொல்லி. மருந்து நேரா மீனைக் கொல்றதை விட, செத்த செடி அழுகுறதுதான் அதிகம் கொல்லுது. அழுக வைக்கிற பாக்டீரியா ஆக்சிஜனைக் குடிச்சிரும். அதனால ஒரே தடவையில முழு ஏரியையும் அடிக்காதீங்க. மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப் போனா பாதி. அடுத்த பங்குக்கு 10-ல இருந்து 14 நாள் இடைவெளி. கரையில இருந்து ஆரம்பிச்சு ஆழத்தைப் பாத்து போங்க, மீன் விலகி ஓட வழி இருக்கும். கோடை நடுவுல அடிக்கிறது மோசம். 20 டிகிரி தண்ணி லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரின்னா ஏழரைதான். செடி சின்னதா இருக்கும்போதே அடிச்சா அழுகுற சரக்கும் கம்மி.

மருந்து வாரியா சிக்கல் வேற வேற. கிளைஃபோசேட் தண்ணிக்கு மேல இருக்குற இலையில பட்டாத்தான் வேலை செய்யும், முழுகின செடிக்குப் பிரயோஜனம் இல்லை. வயலுக்கு விக்கிற பாட்டிலை ஏரில ஊத்தவே கூடாது. இலையில ஒட்டுறதுக்காக அதுல சேக்குற சோப்பு மாதிரியான பொருள் மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் விஷம். தண்ணிக்குன்னு அனுமதி உள்ளது தனியா வரும், லேபிளைப் படிங்க. டைகுவாட் கலங்கின தண்ணில களிமண்ணோட ஒட்டிக்கிட்டு செயலிழந்துரும். ஃப்ளூரிடோனுக்கு 45-ல இருந்து 90 நாள் வரைக்கும் தண்ணில நிக்கணும், நீரோட்டம் உள்ள ஏரின்னா அடிச்சுக்கிட்டுப் போயிரும்.

முழுகின களைக்கு நிறைய பேர் வெட்டுற மிஷினை இறக்குவாங்க. ஹைட்ரில்லாவோட ஒரு கணு துண்டு தப்பிச்சாலும் போதும், அது வேற இடத்துல புதுசா பிடிச்சுக்கும். வெட்டினதை அள்ளி ஏத்துற மிஷின்தான் வேணும், சுத்தி தடுப்பு வலையும் கட்டணும். அள்ளும்போது செடிக்குள்ள ஒளிஞ்சிருக்குற குஞ்சு மீனும் சேந்து ஏறும், அதனால முட்டையிடுற பருவத்தைத் தவிர்த்துருங்க. இன்னொண்ணு, ஹைட்ரில்லாவோட கிழங்கு சேத்துல பல வருஷம் கிடக்கும். ஒரு தடவை வெட்டிட்டு முடிஞ்சுதுன்னு போனா ஏமாந்துருவீங்க. இதே ஹைட்ரில்லா ஆசியாவுல சொந்தச் செடிதான், அமெரிக்காவுலதான் அது ஊடுருவல்காரன். எங்க இருக்கோம்னு பாத்துட்டு ‘அந்நியக் களை’ன்னு முத்திரை குத்துங்க.

மொத்தமா வழிச்செடுக்காதீங்க, இதை நான் அடிச்சுச் சொல்வேன். பரப்புல 20-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் செடி இருந்தா மீனுக்கு நல்லது. அதுக்கு மேல அடர்ந்தா வேட்டை மீன் இரையைப் பிடிக்க முடியாம தவிக்கும், சின்ன மீன் பெருகி வளராம குட்டையாவே நின்னுரும். செடியே இல்லைன்னா குஞ்சுக்கு ஒளிய இடமில்லை, சத்தெல்லாம் பாசிக்குப் போய் தண்ணி பச்சையாகும். கரையில இருந்து ஆழத்துக்குப் போற வாய்க்கால் மாதிரி பாதைகளா வெட்டுங்க. அந்த ஓரங்கள்லதான் பெரிய மீன் காத்து நிக்கும். தூண்டிலை அங்க போடுங்க.

செடி திங்கிற புல் கெண்டை மீனை விடுறதும் இதே ஆபத்துதான். ஹைட்ரில்லாவை விரும்பித் திங்கும், ஆகாயத்தாமரைக்கு ஆவாது. அதிகமா விட்டுட்டா எல்லாச் செடியையும் தீத்துட்டு பத்து வருஷத்துக்கு மேல அங்கயே இருக்கும், திரும்பப் பிடிக்கிறதும் பெரும்பாடு. இனப்பெருக்கம் பண்ணாத ட்ரிப்ளாய்டு வகை, 25 சென்டிமீட்டருக்குக் குறையாத அளவு, தண்ணி வெளிய போற இடத்துல கம்பி வலை, இந்த மூணும் இல்லாம விடாதீங்க. தேவைப்படும்னு தோணுறதை விடக் கம்மியா விட்டுட்டு, அடுத்த வருஷம் பாத்துச் சேத்துக்கலாம்.

என் ஓட்டு வண்டுக்குத்தான். ஆகாயத்தாமரையைத் தின்னுற நியோகெட்டினா வண்டு 4, 5 மில்லிமீட்டர்தான். தென் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்து, 1972-ல ஃப்ளோரிடாவுல விட்டாங்க, 1980-கள்ல இந்தியாவுல, 1995-ல விக்டோரியா ஏரில. இலையில சின்னச் சின்னதாத் தோல் உரிஞ்ச தழும்பு இருந்தா வண்டு ஏற்கனவே வந்தாச்சுன்னு அர்த்தம். வண்டோட புழு காம்பைக் குடையும், செடி நனைஞ்சு மெல்ல முழுகும். மூணுல இருந்து அஞ்சு வருஷம் பொறுக்கணும். மெதுவா சாகுறதால ஆக்சிஜன் ஒரேயடியா விழாது, மீனுக்கு அதுதான் லாபம். ஆனா வண்டு வேலை செய்யுற ஏரில முழுசா மருந்தடிச்சா வண்டுக்குத் தங்க இடம் போயிரும். ஒரு பகுதியைத் தொடாம விடுங்க. சல்வீனியாவுக்கு வேற வண்டு, சிர்டோபேகஸ். ஆஸ்திரேலியாவோட மூண்டாரா ஏரில 1980-ல விட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள களை அடங்குச்சு.

ஏரியை வத்த வச்சா ஆகாயத்தாமரை காஞ்சு போகும்தான். ஆனா வெளிய தெரியுற சேத்துல வெளிச்சம் பட்டதும் பழைய விதை கிளம்பும். வத்தவிட்டா, தண்ணி திரும்ப ஏறுறதுக்குள்ள அந்த நாத்தைப் பிடுங்கிரணும்.

கடைசியா வலை. செவுள் வலைக் கண்ணியில மாட்டுற களைத் துண்டு அடுத்த ஏரிக்கு நேரா டிக்கெட். வலையை உதறி வெயில்ல அஞ்சு நாளாவது காய வைங்க. படகு அடித்தண்ணி, இரை வாளித் தண்ணி ரெண்டையும் தரையில கொட்டுங்க. டிரெய்லர் சக்கரத்துக்கு மேல, மோட்டார் விசிறில, நங்கூரக் கயித்துல கையை விட்டுத் தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாம அங்கதான் சுத்தியிருக்கும்.