புளிக்காய்ச்சல் குப்பைக்கு, புளியோதரை பிளைட்டுக்கு!

வணக்கம் மக்களே, சிங்கப்பூர் வந்து சேர்ந்தாச்சு, ஆனா கடுப்பு இன்னும் இறங்கல. எல்லாம் ஒரு புளிக்காய்ச்சலால. சிரிக்காதீங்க.

போன தடவை செக்-இன் பெட்டில எண்ணெய் லீக்காகி என் பட்டுப்புடவை நாசமான வீடியோ பாத்திருப்பீங்க, அதனால இந்தவாட்டி உஷாரா கைப்பையிலயே வச்சேன். உஷாராம்! ஏர்போர்ட் செக்யூரிட்டில எக்ஸ்ரேல போன பையை ஓரமா தள்ளிட்டாங்க, அங்க இருந்த ஆபீசர் திறந்து பாத்துட்டு "மேடம், இது லிக்விட்"ங்கறாரு. சார், ஸ்பூனை நட்டா அப்படியே நிக்கும் சார் இது! தொக்கு, சட்னி, தயிர் எல்லாமே அந்தக் கணக்குலதான் வருமாம், 100 மில்லிக்கு மேல கூடாதாம். அடியில கொஞ்சம்தானே இருக்குன்னேன்... ஐயோ, சொல்ல மறந்துட்டேன், அது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், கண்ணாடி, முக்கால்வாசி காலி, ஏன்னா மீதிய அத்தை... இருங்க, அதுக்கு வரேன். உள்ள எவ்ளோ இருக்குன்னு பாக்க மாட்டாங்களாம், பாட்டில் சைஸ்தான் கணக்காம். 2006ல லண்டன்ல கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல வெடிமருந்து கொண்டுபோக பிளான் போட்டு மாட்டுனாங்கள்ல, அதுலேர்ந்து வந்த ரூல். எவனோ பண்ணதுக்கு எங்க அத்தையோட புளிக்காய்ச்சல் குப்பைத்தொட்டில!

இப்பதான் மேட்டரே. அந்த மீதிய விடியக்காலைலயே சோத்துல கிளறி, நல்லெண்ணெய் விட்டு, வாட்டுன வாழையிலைல கட்டிக் குடுத்திருந்தாங்க. அதையும் பிரிச்சாரு, வாசனை அந்த லைன் பூரா அடிச்சுது, "இது ஓகே மேடம்"னுட்டாரு. அதே புளி, அதே வெந்தயம், அதே வேர்க்கடலை! சோத்தோட சேந்தா சாப்பாடு, தனியா இருந்தா லிக்விட்! கேட் பக்கத்துல உக்காந்து கெத்தா தின்னேன். பக்கத்து சீட்ல ஒருத்தர் 2 இட்லி 290 ரூபாக்கு வாங்கி வச்சிருந்தாரு, அந்த சாம்பாரைப் பாத்தேன், லிக்விட்னா அதுதாங்க லிக்விட்.

இட்லிப்பொடி, முறுக்கு, அதிரசத்தை யாரும் தொடல. அமெரிக்கா போறவங்க மட்டும் 350 மில்லி அளவுக்கு மேல பொடிய கைப்பையில வைக்காதீங்க, தனியா சோதிப்பாங்க, செக்-இன்லயே போட்டுடுங்க.

நேத்து ராத்திரி அத்தை போன் பண்ணாங்க. புளிக்காய்ச்சல் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல, "அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை வரும்போது பத்திரமா கொண்டுவந்துடும்மா"ன்னாங்க. சிக்னல் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன்.