மூன்றாவது வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

(சென்னிமலையில் நெசவாளர் குடும்பங்களுக்காக நடந்த மனநலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், ஒரு பொழுது தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

எனக்கு அப்புறம் மனநல டாக்டர் பேசப் போகிறார். நோய் எப்படி வருகிறது, மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் சொல்வதுதான் முறை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் தம்பிக்கு இருபது வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதுகிறார்களே, அதுதான். மாத்திரை செய்ய வேண்டிய வேலையை மாத்திரை செய்தது. அதற்கு மேல் அவன் நாலு பேரோடு நடமாடியதும், எங்கள் அம்மா நிம்மதியாக ஒரு வேளை சோறு தின்றதும் வீதியில் இருந்தவர்களைப் பொறுத்துத்தான் அமைந்தது. அதனால் நான் இன்றைக்கு நோயாளியைப் பற்றிக் கொஞ்சமும், அதே வீதியில் மூன்றாவது வீட்டில் இருக்கிற உங்களைப் பற்றி நிறையவும் பேசப் போகிறேன்.

நம் பக்கம் ஒருவருக்கு மனது சரியில்லை என்றால் முதலில் போவது கோயிலுக்கு. மந்திரித்துக் கயிறு கட்டுவோம், குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொள்வோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்று ஒரு ஊர். அங்கே இருக்கிற முத்துசாமி கோயிலில் மனநோய் உள்ளவர்கள் வந்து தங்குவது வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே போய், தங்க வந்த 31 பேரை வந்தபோது ஒருமுறையும் கிளம்பும்போது ஒருமுறையும் சோதித்துப் பார்த்தார்கள். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. நோயின் கடுமை சராசரியாக ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நாட்களில் அவர்களுக்கு மருந்து கொடுக்கவில்லை. நோய் தீர்ப்பதற்கென்று தனியாகச் சடங்கு எதுவும்கூட அங்கே கிடையாது.

சரி, அப்புறம் எதனால் குறைந்தது? கூடவே ஒரு சொந்தக்காரர் தங்குகிறார். காலையில் எழுந்து எல்லாரோடும் சேர்ந்து கோயிலைக் கூட்டுகிறார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். காசு கேட்பதில்லை. யாரும் அதட்டுவதில்லை, விரட்டுவதில்லை. அந்த ஆதரவான சூழ்நிலையே காரணம் என்றுதான் ஆய்வு செய்தவர்களும் எழுதினார்கள். நோய் முழுவதும் போய்விடவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மீதிக்கு மருந்து வேண்டும். கோயிலுக்குப் போங்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு கோயில் வாசல் கொடுத்ததை நம் வீதி கொடுக்க முடியாதா?

வீதி கொடுப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவரோடு இருந்த மருத்துவர்களும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1972-இல் அவர்கள் வெளியிட்டது இதுதான்: எந்த வீட்டில் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டும் கடிந்துகொண்டும் இருந்தார்களோ, அந்த வீட்டு நோயாளிகளுக்கு நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. அதே அளவுகோலை 1980-களில் சண்டிகருக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். லண்டனைவிட இங்கே அப்படிக் கடியும் குடும்பங்கள் குறைவாக இருந்தன. நம் குடும்பங்களின் பொறுமை ஆய்வாளர்கள் அளந்து பார்த்து ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆனால் அந்தப் பொறுமையை யார் அறுக்கிறார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் பெரும்பாலானவர்களுக்கு மருந்தில் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். எழ மனமில்லாமல் படுத்தே கிடப்பது, குளிக்காமல் இருப்பது, யாரோடும் பேசாமல் இருப்பது, இவை சீக்கிரம் போகாது. அதுவும் நோயின் ஒரு பகுதிதான். மாத்திரையாலும் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. “ஏனுங்க அக்கா, பையன் இன்னும் எந்திரிக்கலீங்களா? வயசுப் பையனுக்கு இப்பிடிச் சோறாக்கிப் போட்டுட்டு இருந்தா எப்பிடீங்க?” என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருவர் கேட்பார். கேட்டவருக்கு அது ஒரு பேச்சு. எங்கள் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகப் பின்கட்டு அறைக்குப் போய் அதே வார்த்தையை அவனிடம் கத்துவாள். அப்புறம் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேசுகிற பேச்சு நோயாளியின் அறைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் கல்யாணப் பேச்சு. நம் கொங்கு நாட்டில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் விசாரிப்பார்கள். ஜாதகம் பொருந்தினாலும் ஊரில் வந்து கேட்காமல் யாரும் தட்டு மாற்ற மாட்டார்கள். டீக்கடையில் கேட்பார்கள், சொசைட்டியில் கேட்பார்கள், பக்கத்துத் தோட்டத்தில் கேட்பார்கள். அந்த விசாரிப்புக்குப் பயந்துதான் ஒரு குடும்பம் நோயை மறைக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பையனை டாக்டரிடம் காட்டலாம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. வைத்தியம் இல்லாமல் நோய் எவ்வளவு நாள் இருக்கிறதோ, தேறுவது அவ்வளவு கஷ்டமாகும். ஆக, ஒரு பையனுக்குச் சிகிச்சை தாமதமாவதில் டீக்கடையில் பதில் சொல்கிறவருக்கும் பங்கு இருக்கிறது.

பரம்பரையாக வருமே என்று கேட்பீர்கள். நூறு பேரில் ஒருவருக்கு வருகிற நோய் இது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அந்த வாய்ப்பு நூறில் சுமார் 9, 10 என்று கணக்குச் சொல்கிறார்கள். அதாவது கூடப் பிறந்தவர்களிலேயே நூறில் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் தம்பி மோசமாக இருந்தான். காங்கயம் பக்கத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள் நேராக எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டு அத்தை அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, “அந்தத் தம்பிக்கு மனசுல சீக்குங்க. ஈரோட்டுல வைத்தியம் பாக்கறாங்க. மாசாமாசம் கூட்டிட்டுப் போறாங்க. பொண்ணு படிச்ச பொண்ணு, பொறுப்பான பொண்ணுங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லியிருக்கிறார். போனவர்கள் பத்து நாள் யோசித்தார்கள். பிறகு வந்து உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்தார்கள். அதற்கு அப்புறம் எங்கள் அப்பா தம்பியைப் பகலிலேயே பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அதுவரை விடியாத பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அத்தை பொய் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை. நோயை நோய் என்றும், வைத்தியத்தை வைத்தியம் என்றும் சொன்னார். இந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் என்றைக்காவது யாராவது விசாரிக்க வருவார்கள். அப்போது அந்த அத்தை மாதிரி பதில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது வேலை. தம்பி கொஞ்சம் தேறியதும் ஒரு விசைத்தறிப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் தார் சுற்ற, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்ற, விட்டார்கள். மாத்திரையால் அவன் விரல் நடுங்கும், நூல் அறுந்து அறுந்து போகும். அதோடு தறிச் சத்தத்துக்குள் யாரோ தன்னைப் பேசுவது போல இருக்கிறது என்று சொல்வான். பட்டறைக்காரர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் அவனைக் கூப்பிட்டு, “கண்ணு, நீ குடோனுக்கு வந்துரு. பெட்ஷீட்டை மடிச்சு எண்ணிக் கட்டுப் போடு. எண்ணிக்கை தப்புனாலும் பரவாயில்ல, நானும் ஒருக்கா எண்ணிக்கறேன்” என்றார். குடோனில் சத்தம் இல்லை. இரண்டு ஓரத்தையும் சேர்த்து நீவி நீவி மடிப்பான், ஒரு சுருக்கம் இருக்காது. எண்ணிக்கையும் தப்பியதில்லை. சனிக்கிழமை எல்லாரோடும் வரிசையில் நின்று கூலி வாங்குவான். வாங்கிய அன்றைக்கு அம்மாவுக்குக் கால் கிலோ காராபூந்தி வாங்கி வருவான். மற்ற நாள் கூனிக்கொண்டு நடக்கிறவன் சனிக்கிழமை மட்டும் நிமிர்ந்து நடப்பான்.

பட்டறையும் பனியன் கம்பெனியும் கொப்பரைக் களமும் நடத்துகிற முதலாளிகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நோய் உள்ளவர்களை நைட் சிப்டில் போடாதீர்கள். தூக்கம் கெட்டால் நோய் திரும்புகிற ஆபத்து அதிகம், அதிலும் அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு. காலையில் ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் விடுங்கள். மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கொடுங்கள். கூலியைச் செய்த வேலைக்கு முழுசாகக் கொடுங்கள், தர்மம் மாதிரி கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்த நிபுணர்கள்தான் செய்ய முடியும் என்பதும் கிடையாது. கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, நம் காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். டாக்டர் மருந்து கொடுப்பார். அதோடு பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பேசுவார்கள், மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்பார்கள், குடும்பத்துக்கு நோயை விளக்குவார்கள். 2014-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் அன்றாட நடமாட்டம் ஓரளவு மேம்பட்டிருந்தது. அந்த ஓரளவுதான் ஒரு தாய்க்கு நிம்மதியான தூக்கம்.

தாய் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. எங்கள் அம்மா பல வருடம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. சொந்தத் தங்கை மகள் சீருக்குக்கூடப் போகவில்லை. அவனை யார் பார்த்துக்கொள்வது? ஒறம்பரைகள் பத்திரிகை வைக்கும்போது “நீங்க மட்டும் வந்துட்டுப் போங்க” என்பார்கள். அது அவனைக் கூட்டி வராதே என்று சொல்வதுதான். பத்திரிகை வைத்தால் அவனுக்கும் சேர்த்து வையுங்கள். பந்தியில் ஓரமாகவாவது ஒரு இலை போட்டு உட்கார வையுங்கள். கூட்டம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், ஒரு பொழுது நீங்கள் போய் அவனோடு உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாவைக் கல்யாணத்துக்கு அனுப்பி வையுங்கள். நோம்பி நாளில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது வாசலோடு திரும்பாமல் உள்ளே போய் அவனிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இனிச் சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இன்றைக்கு 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எந்த மனநோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது. தெருவில் ஆதரவில்லாமல் திரிகிறவரைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால், அவரைப் பாதுகாப்பாக எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுவது அவர்கள் கடமை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாள் கூடப் போய் அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் பெரிய உதவி.

ராத்திரியில் ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் வீதியே கூடிவிட வேண்டாம். செல்போனில் படம் பிடிக்கவே வேண்டாம். அவருக்குப் பழக்கமான ஒரே ஒருவர் மெதுவாகப் பேசட்டும். மற்றவர்கள் தள்ளி நில்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எந்த நேரமும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும், காசு கிடையாது. 104-லும் கேட்கலாம். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் புத்திமதி சொல்ல உட்காராதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நம் ஊரிலிருந்து மாதாமாதம் ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் மருந்து வாங்கப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன. பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டது. வரிசையில் நிற்க முடியவில்லை, பஸ் ஏற முடியவில்லை. அவர்களோடு துணைக்குப் போக ஆள் வேண்டும். வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பெயர், வீதி, போன் நம்பர், எந்தக் கிழமை உங்களுக்கு ஒழியும் என்று எழுதுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் அதையும் குறித்துவிடுங்கள். அந்தக் குடும்பங்களின் பெயரை எதிலும் எழுதப் போவதில்லை. அவர்களாக எங்களிடம் வந்து கேட்கும்போது நாங்கள் உங்களைக் கூப்பிடுகிறோம்.

டாக்டர் காத்துக்கொண்டிருக்கிறார். வணக்கம்.