கடைசிச் சொல் வரைக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சிப் போட்டித் தொகுப்பாளர் என்றதும் சிரிப்பும் கோட்டும் சாமர்த்தியப் பேச்சும்தான் நம் நினைவுக்கு வரும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் வாசிக்கும் அழகு. அலெக்ஸ் ட்ரெபெக்கைப் பற்றிப் பேச வந்ததற்கும் அதுவே காரணம்.

கனடாவின் சட்பரி நகரில் 1940இல் பிறந்தவர். தந்தை உக்ரைனிலிருந்து குடியேறிய சமையல்காரர். மகன் தத்துவம் படித்தார், கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியில் செய்தி வாசித்தார், 1973இல் அமெரிக்கா போனார். அங்கே தொடக்கத்தில் நடத்திய போட்டிகள் பல நெடுநாள் ஓடவில்லை. 1984இல் 'ஜெபர்டி' என்ற பொது அறிவுப் போட்டி அவர் கைக்கு வந்தது. 2020இல் மறையும்வரை 8,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினார்.

அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. கேள்விக்குப் பதில் அங்கே விடைக்கான ஒரு குறிப்பைத்தான் வாசிப்பார்கள். தொகுப்பாளர் அந்தக் குறிப்பின் கடைசிச் சொல்லை வாசித்து முடிக்கும்வரை எவரும் விடை சொல்லப் பொத்தானை அழுத்தக் கூடாது. முந்திக்கொண்டால் கால் நொடிக்குப் பொத்தான் வேலை செய்யாது. கால் நொடி என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள்! போட்டியாளர் மூவருக்கும் விடை தெரிந்த இடத்தில் அதுதான் வெற்றி தோல்வி. அவர் நாக்கு தடுமாறினால் யாரோ ஒருவருடைய வாய்ப்பு பறிபோகும்.

படப்பிடிப்பு பெரும்பாலும் ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளுக்கு நடக்கும். ஒன்றுக்கு 61 குறிப்புகள் என்றால் முந்நூறைத் தாண்டும். ட்ரெபெக் காலையிலேயே வந்து அத்தனையையும் படித்துப் பார்ப்பார். ஐயமான பெயர்களுக்கு அகராதியைப் புரட்டி, உச்சரிப்பைத் தாளிலேயே குறித்துக்கொள்வார். பல்லாண்டுப் பழக்கம் இருந்தும் அந்த உழைப்பை அவர் விடவில்லை. இதை நான் திறமை என்று மட்டும் சொல்லமாட்டேன். போட்டியாளர்களுக்கு அவர் கொடுத்த மரியாதை.

2019 மார்ச்சில், தமக்குக் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டதை அவரே அறிவித்தார். சிகிச்சைக்கு நடுவிலும் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். அந்த நவம்பரில் ஒளிபரப்பான ஒரு போட்டியில், கையிலுள்ள பணத்தைப் பந்தயம் கட்டி விடை எழுதும் இறுதிச் சுற்றில், மாணவர் ஒருவர் விடைக்குப் பதிலாக 'உங்களை நேசிக்கிறோம், அலெக்ஸ்' என்று எழுதியிருந்தார். திரையில் அதைப் படித்ததும் ட்ரெபெக்கின் குரல் கம்மியது. நன்றி சொன்னார். ஆனால், விதி விதிதானே? அந்த மாணவர் பந்தயம் கட்டிய 1,995 டாலர் போய், கையில் 5 டாலர்தான் மிச்சம் என்று, கம்மிய குரலிலேயே அந்தக் கணக்கையும் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.