ராஜாவைத் தேடினால் மண் வரும்

வணக்கம். எல்லாரும் எழுதுகிற கையின் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்திவிடாமல், காற்றில் ஒரு கூட்டல் குறி போடுங்கள்.

போட்டாச்சா? சீன மொழியில் பத்து என்று எழுதிவிட்டீர்கள். ‘ஷி’ என்பார்கள். சரி, நெடுக்குக் கோட்டை முதலில் போட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பரவாயில்லை, நானும் அப்படித்தான் போட்டேன். சீன வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டார். படுக்கைக் கோடு முதலில், அப்புறம்தான் நெடுக்கு.

நாம் இப்போது செய்ததைச் சீனாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிறார்கள். விரலை நீட்டி, ‘ஹெங், ஷூ’ என்று கோடுகளின் பெயரைக் கூவிக்கொண்டே வெறுங்காற்றில் எழுதுவார்கள். எழுதும் வரிசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிஷுன். ‘பி’ என்றால் தூரிகை, பேனா. ‘ஷுன்’ என்ற சொல்லுக்கு வரிசை என்பதோடு, ஓட்டத்தோடு போவது என்றும் பொருள் உண்டு. ஆற்றோடு போவது மாதிரி.

விதிகள் அதிகம் இல்லை. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. எனக்குப் பிடித்த விதி நாடு என்ற எழுத்தில் வருகிறது. ஒரு பெட்டி, அதற்குள் மாணிக்கம் மாதிரி ஒரு கல். பெட்டியின் மூன்று பக்கங்களை முதலில் போட வேண்டும். உள்ளே கல்லை வைக்க வேண்டும். கடைசியாகத்தான் அடிக்கோட்டைப் போட்டு மூட வேண்டும். வீட்டுக்குள் ஆட்கள் வந்தபிறகு கதவைச் சாத்துவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் மறக்காது.

நான் படிக்கத் தொடங்கியபோது இதையெல்லாம் வெறும் சடங்கு என்றுதான் நினைத்தேன். முடிந்தபின் எழுத்து சரியாக இருந்தால் போதாதா? பெட்டியை முழுதாக மூடிவிட்டு, உள்ளே கல்லை நெருக்கித் திணிப்பேன். ஆசிரியை நோட்டைப் பார்த்தார். “நீங்கள் எழுதவில்லை, வரைகிறீர்கள்” என்றார். நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பார்க்கவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

கைபேசிதான் முதலில் புரியவைத்தது. சீனக் கைபேசிகளில் கோடுகளை வைத்தே தட்டச்சு செய்யும் முறை ஒன்று உண்டு. ஐந்தே வகை: படுக்கை 1, நெடுக்கு 2, இடப்பக்கம் சரிவது 3, புள்ளி 4, மடங்குவது 5. ராஜா என்ற எழுத்து மூன்று படுக்கைக் கோடுகளும் நடுவே ஒரு நெடுக்கும். சீன வரிசைப்படி 1-1-2-1. நான் நெடுக்கை இரண்டாவதாக வைத்து 1-2-1 வரை தட்டினேன். மண் என்ற எழுத்து வந்து நின்றது. ராஜா கடைசியில் அங்கேதான் போவார் என்றாலும், அவசரத்துக்கு உதவாது.

இதில் ஒரு வேடிக்கை. சீன எழுத்துகளை எடுத்துப் புழங்கும் ஜப்பானில் நான் தட்டிய அந்த வரிசை சரி. அங்கே ராஜாவுக்கு இரண்டாவது கோடே நெடுக்குதான். வயல் என்ற எழுத்து நான்காகப் பிரித்த சதுரம். உள்ளே சீனர்கள் படுக்கையை முதலில் போடுவார்கள், ஜப்பானியர்கள் நெடுக்கை. தைவானுக்குத் தனிக் கையேடு. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் 881 எழுத்துகளுக்கு ஒரு வழிகாட்டி போட்டது. இதில் இல்லாத வரிசையைத் தவறென்று சொல்லவில்லை என்று அதிலேயே எழுதியும் வைத்தது. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். சீனா 2021 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தரத்தில் 8,105 எழுத்துகளுக்கும் வரிசை உண்டு.

ஆக, வரிசை வானத்திலிருந்து விழுந்ததல்ல. கை வேகமாக ஓடியபோது பதிந்த தடம் அது. புத்தகம் என்ற எழுத்தைப் பாருங்கள். பழைய வடிவில் 10 கோடுகள். தூரிகையைக் காகிதத்திலிருந்து முழுக்க எடுக்காமல் அவசரமாக எழுதியவர்கள் கையில், ஒரு கோட்டின் வால் அடுத்த கோட்டின் தலையோடு ஒட்டிக்கொண்டது. பல நூற்றாண்டுகள் கையெழுத்தில் புழங்கிய அந்த ஓட்ட வடிவத்திலிருந்துதான் இன்றைய எளிய எழுத்து பிறந்தது. இப்போது 4 கோடுகள்தான். 1956இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது வண்டி, கிழக்கு என்று இன்னும் பல எழுத்துகள் இப்படித்தான் அச்சுக்கு ஏறின.

ஆசிரியையின் சூட்சுமமும் இதுதான். கோடு எங்கே அழுத்தமாகத் தொடங்குகிறது, எந்தப் பக்கம் இழுபட்டு முடிகிறது என்பதைப் பார்த்தாலே கை போன வழி தெரிந்துவிடும். வழி மாறினால், வேகமாக எழுதும்போது ஒட்டக்கூடாத கோடுகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் யாராலும் படிக்க முடியாது.

கேள்வி நேரத்துக்குப் போவோம். இந்தப் பலகையில் ‘ஜெங்’ என்ற எழுத்தை எழுதப்போகிறேன். சரியானது, நேரானது என்று பொருள். ஐந்து கோடுகள். நாம் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்பதுபோல, சீனாவில் வகுப்புத் தலைவர் தேர்தலில் ஓட்டு எண்ணுவது இதை வைத்துத்தான். ஓர் ஓட்டுக்கு ஒரு கோடு. எல்லாருக்கும் ஒரே வரிசை என்பதால், பாதியில் நிற்கும் எழுத்தைப் பார்த்தே மூன்றா நான்கா என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போடுகிறேன். மேல் படுக்கைக் கோடு காலியாக இருக்கிறது. யார் கேட்கிறீர்கள்?